இரண்டாம் சுற்றில் ஒரு கீப்பர்

ஆடி பிறந்தால் நான் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன். அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவேன், கூடத்தில் நடந்துகொண்டே பல் தேய்ப்பேன். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும்போது மனசு இங்கிலாந்தில் யாரோ ஒரு ஆட்டக்காரனின் தொடைச் சதையில் இருக்கும். "உனக்கு வேப்பிலைதான் அடிக்கணும்" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குக் கால்பந்து தெரியாது. பந்து உருண்டையாக இருக்கும் என்பது வரைக்கும் தெரியும்.

காரணம் எங்கள் குடும்ப லீக். பெரியப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளைகள் என்று எட்டுப் பேர். ஒருத்தன் துபாயில், இரண்டு பேர் சிங்கப்பூரில், மற்றவர்கள் சென்னையிலும் தஞ்சாவூரிலும் ஊரிலும். ஆகஸ்டில் இங்கிலாந்துக் கால்பந்து லீக் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீடியோவில் கூடுவோம். அதற்கு ஆளெடுப்பு என்று பெயர். ஒவ்வொருவராகத் தன் முறை வரும்போது ஒரு ஆட்டக்காரனைச் சொல்லி எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்தவனை இன்னொருவர் தொட முடியாது. பிறகு அந்த ஆள் அங்கே நிஜத்தில் கோல் போட்டால் இங்கே எங்களுக்குப் புள்ளி. பணம் கிடையாது. கடைசியில் வருகிறவர் குடும்பத்தில் அடுத்து நடக்கும் கல்யாணத்தில் பந்தி பரிமாற வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவனை மூன்று வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள்.

எட்டுப் பேர் இருந்தாலும் போன வருஷம்வரை ஏழு டீம்தான். நானும் அண்ணனும் ஒரே டீம். ஊரில் விவசாயத்தைப் பார்த்துக்கொள்கிறவன் அண்ணன். அவன் ஆட்டத்தைப் பார்ப்பான், நான் கணக்குப் போடுவேன். "இவன் கால் சரியில்ல பாப்பா, திரும்பும்போது இழுக்குறான்" என்று ஃபோனில் சொல்வான். நான் உடனே அந்த ஆளின் நிமிஷங்களைக் குறைப்பேன். இந்தக் கணக்கில் எல்லாம் நிமிஷம்தான். ஒரு ஆட்டக்காரன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது இரண்டாவது கேள்வி. அவன் களத்தில் இருப்பானா, எத்தனை நிமிஷம் இருப்பான் என்பதுதான் முதல் கேள்வி. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மகாராஜாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நிமிஷத்தை முடித்த பிறகு மற்றதெல்லாம். பெனால்டி யார் அடிப்பது, கார்னர் யார் அடிப்பது, புதுப் பயிற்சியாளருக்கு யாரைப் பிடிக்கும், போன வருஷம் அள்ளிக் குவித்தவன் இந்த வருஷம் எவ்வளவு இறங்குவான். இறங்குவான் என்பது நிச்சயம். எவ்வளவு என்பதில்தான் என் தூக்கம் போகும். ஒருவனுக்குப் புள்ளியைக் கூட்டினால் அவன் டீமில் இன்னொருவனுக்குக் குறைக்க வேண்டும். குறைத்தால் வரிசை மாறும். வரிசை மாறினால் எனக்குப் பொறுக்காது, மறுபடி முதலிலிருந்து போடுவேன்.

இப்படித் தயாராகும் தரவரிசையை எல்லோருக்கும் அனுப்புவதும் நான்தான். கணக்கு டீச்சர் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு சங்கதி உண்டு. எங்கள் பக்கத்தில் நிற்கிற பயிரைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று எவரும் சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும். ஒரு மா நிலத்தில் எத்தனை மூட்டை காணும் என்று கேட்டால், கதிர் தலைசாய்ந்து கிடந்தாலும் "ஏதோ வரும்" என்பதுதான் பதில். அந்த ரத்தம் எனக்கும் ஓடுகிறது. எவன் மேல் எனக்கு ஆசை அதிகமோ, அவனை என் கை தானாகக் கீழே தள்ளிவிடும். பக்கத்தில் குறிப்பாக "ஏதோ இருக்கான்" என்று எழுதிவிடுவேன். இது எல்லோருக்கும் தெரியும். "அக்கா லிஸ்ட்ட கீழேருந்துதான் படிக்கணும்" என்பான் துபாய்த் தம்பி. ஆனால் கீழே கிடக்கும் கூட்டத்தில் நிஜமாகவே மட்டமானவன் யார், நான் பதுக்கி வைத்தவன் யார் என்று பிரித்தறிய அண்ணன் ஒருவனால்தான் முடியும்.

தைப் பொங்கலோடு எங்கள் பேச்சு நின்றுபோயிற்று.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணன் எனக்குச் சீர் கொண்டுவருவான். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து, பரங்கிக்காய், புடவை. அப்பா இருந்தவரை அப்பாவோடு வந்தான், அப்பா போன பிறகு தனியாக வந்தான். இந்தத் தடவை குட்டியானை வண்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினான். வாழைத்தார் மட்டுமே இரண்டு. தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தட்டில் புடவைக்கு அடியில் ஒரு பத்திரம் இருந்தது. அப்பாவின் நஞ்சையில் எனக்குப் பாத்தியதை எதுவும் வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம். கையெழுத்துதான் பாக்கி.

எங்கள் அத்தைகள் எல்லோரும் இப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று ஊருக்கே தெரியும், வழக்கம் வேறு. அண்ணன் என்னை ஏமாற்ற வரவில்லை. அவனுக்கு அது பொங்கலோடு சேர்ந்த ஒரு காரியம். நிலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டால் என்னிடமும் பதில் கிடையாது. நாற்றங்காலில் இறங்கத் தெரியுமா எனக்கு? "இது உன் பங்கு பாப்பா, எனக்கு வேணும், குடு" என்று அவன் கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். அவன் அப்படிக் கேட்கவில்லை. என் பங்கு என்று ஒன்று இருப்பதாகவே அவன் வாயிலிருந்து வரவில்லை. "இதுல ஒரு கையெழுத்துப் போடு, நான் கிளம்பணும்" என்றான்.

நான் போடவில்லை. "அப்ப இத்தன வருஷம் நான் செஞ்சதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?" என்று கேட்டான். சாப்பிடாமல் போனான். இலை போட்டபடியே கிடந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, கோபம் இறங்கிய பிறகு அழுதேன்.

ஜூலையில் லீக் குழுவில் அவனிடமிருந்து ஒரு வரி வந்தது. "இந்த வருஷம் நான் தனி டீம்." அவ்வளவுதான். நிலத்தில் பாகம் பிரிக்க மனசில்லாதவன் டீமில் பாகம் பிரித்துவிட்டான். பள்ளிக்கூட வராந்தாவில் நின்று அதைப் படித்தேன். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நானும் உடனே "சரி" என்று போட்டேன்.

அதிலிருந்து ஒரே தவிப்புதான். கணக்கு என் கையில் இருந்தது, கண் அவனிடம் போய்விட்டது. ஒரு ஆள் திரும்பும்போது கால் இழுக்கிறதா என்று எனக்குத் தெரியவே இல்லை. பயிற்சி ஆட்டங்களை விடியற்காலையில் செல்ஃபோனில் போட்டுப் பார்த்தேன். படம் நின்று நின்று ஓடும். சோறு பொங்கும், நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். காலையில் ஒருவனை நான்காவதில் வைப்பேன், இடைவேளையில் பதினொன்றுக்கு இறக்குவேன், பஸ்ஸில் வரும்போது மறுபடி ஏற்றுவேன். ஆடிக்காற்று வேறு. ஜன்னல் எல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் கழற்றிக்கொண்டு போனதற்காகவே ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று நினைப்பேன். அடுத்த நிமிஷம், அவன் கடைசியில் வந்து வாளி தூக்கக் கூடாதே என்றும் நினைப்பேன்.

தஞ்சாவூரில் எங்கள் வீட்டுப் பக்கம்தான் புதாறு ஓடுகிறது. தண்ணீர் எங்களைத் தாண்டி, ஒரத்தநாட்டைத் தாண்டி, அதற்கப்புறம்தான் அண்ணன் வாய்க்காலுக்குப் போகும். பஸ் ஏற ஸ்கூட்டரில் பாலத்தைக் கடக்கும்போது புதுத்தண்ணீர் கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி அவனுக்கு ஃபோன் போடுவது என் வழக்கம். இந்த வருஷமும் தண்ணீர் வந்தது, நுரையும் சருகுமாக. வண்டியை நிறுத்தினேன். ஃபோனை எடுத்தேன், உள்ளே வைத்தேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

நெட்டையைக் கண்டுபிடித்தது அந்த வாரத்தில்தான். ஆட்டக்காரர்களின் பெயர் எங்கள் வாயில் நுழையாது, அதனால் எல்லோருக்கும் நாங்கள் வைத்த பெயர்தான். அவன் சின்ன டீமில் பின்வரிசைக்காரன். போன வருஷம் பாதி நாள் காயத்தில் கிடந்தான். ஆனால் பயிற்சி ஆட்டத்தில் புதுப் பயிற்சியாளர் அவனை முன்னால் விட்டிருந்தார். இடது ஓரமாக ஏறிப் போய்க்கொண்டே இருந்தான், கார்னரும் அவனே அடித்தான். எங்கள் விளையாட்டில் பின்வரிசை என்று பதிவானவன் கோல் போட்டால் புள்ளி அதிகம். எதிரி கோல் போடாமல் ஆட்டம் முடிந்தால் அதற்கும் அவனுக்குப் புள்ளி. முன்னால் ஆடுகிற பின்வரிசைக்காரன் என்றால் இரண்டு பக்கமும் வரும்படி. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், அவன் மேலேயே வந்து நின்றான். எல்லோருக்கும் அனுப்பிய வரிசையில் அவனைப் பின்வரிசைக்காரர்களில் கடைசிக்குப் பக்கத்தில் தள்ளினேன். "ஏதோ இருக்கான்."

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி பேசினார். எனக்கும் அண்ணனுக்கும் பேச்சில்லாவிட்டாலும் எனக்கும் அவருக்கும் உண்டு.

"உங்கண்ணன் காலம்பற டிவிய வச்சிக்கிட்டு தனியாப் பேசிக்கிறாரும்மா. பின்னாடி ஆடுறவன் முன்னாடி ஓடுறான் பாரு, பாப்பா பாத்திருப்பாளா பாத்திருப்பாளாங்குறாரு. எனக்கு என்ன தெரியும்? தெரியாதுங்கன்னேன்."

"வேற என்ன சொன்னான்?"

"வேற ஒண்ணும் சொல்லல. நீயே ஃபோன் பண்ணிக் கேக்கக் கூடாதா?"

நான் கேட்கவில்லை. ஆனால் தெரிந்துபோயிற்று. நெட்டையை அவனும் பார்த்துவிட்டான். என் வரிசையில் அவனைக் கீழே பார்த்ததும் என் மனசும் அவனுக்குப் புரிந்திருக்கும். உலகத்தில் நெட்டையின் விலை தெரிந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் ஒரே அப்பா பிள்ளைகள்.

ஆளெடுப்பு அன்று கம்ப்யூட்டர் போட்ட வரிசையில் அண்ணன் ஐந்தாவது, நான் ஆறாவது, துபாய்த் தம்பி ஏழாவது. எங்கள் லீக்கில் எல்லாச் சுற்றுக்கும் ஒரே வரிசைதான். சுற்றுக்குச் சுற்று திருப்பிப் போடுங்கள் என்று வருஷா வருஷம் சண்டை வரும், மாற்ற மாட்டோம். ஆக ஒவ்வொரு சுற்றிலும் அண்ணன் எடுத்த பிறகுதான் நான். என் மிச்சம்தான் துபாய்க்கு.

முதல் சுற்று பெரிய தலைகளுக்கு. அதில் நெட்டையைக் கேட்டால் பைத்தியம் என்பார்கள், ஒரு நல்ல முன்வரிசைக்காரனும் கை நழுவிப் போவான். அண்ணன் கோல் அடிக்கிற ஒருவனை எடுத்தான், நானும் ஒருவனை எடுத்தேன். இரண்டாம் சுற்று தொடங்கியது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஃபோனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இப்போது எடுத்துவிடுவான். எடுக்கட்டும். எடுத்தால் என்ன, நெட்டையை அவனும்தானே கண்டுபிடித்தான். எடுத்தால் வயிறு எரியும், எரியட்டும்.

அண்ணன் முறை வந்தது. ஒரு கோல்கீப்பரின் பெயரைச் சொன்னான்.

எல்லோரும் கத்தினார்கள். சிங்கப்பூரில் ஒருத்தி சிரித்துப் புரை ஏறிவிட்டாள். இரண்டாம் சுற்றில் யாரும் கீப்பரை எடுக்க மாட்டார்கள். கீப்பர்களுக்குள் புள்ளி வித்தியாசம் குறைவு, கடைசிச் சுற்றில்கூட நல்லவன் கிடைப்பான். இதை எங்கள் எல்லோருக்கும் வருஷா வருஷம் ஓதியவனே அண்ணன்தான். "கீப்பர முன்னாடி எடுக்குறவனுக்கு லீக்குல இடமே குடுக்கக் கூடாது" என்று பேசியவன்.

திரையில் அவனுடைய சின்னக் கட்டத்தைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு விளங்கிவிட்டது. நெட்டையை எனக்காக விட்டிருக்கிறான். தெரியாமல் விட்டால் பரவாயில்லை. தெரிந்து, எனக்கும் தெரியும் என்று தெரிந்து, விட்டுக்கொடுத்திருக்கிறான். குட்டியானையில் வந்து இறங்கிய வாழைத்தார் மாதிரியே இதுவும் வந்து இறங்கியது.

முதலில் நெஞ்சு இளகியதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அண்ணன் இன்னும் அண்ணனாகத்தான் இருக்கிறான் என்று தோன்றியது. அடுத்த மூச்சில் உடம்பெல்லாம் எரிந்தது. எப்போதும் இவன் கொடுப்பான், நான் வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு உள்ளதை எனக்கு உள்ளது என்று மட்டும் சொல்ல மாட்டான்.

"அக்கா, டயம் ஓடுது" என்றான் துபாய்த் தம்பி.

நானும் ஒரு கீப்பரின் பெயரைச் சொன்னேன். கையில் கிடைத்த முதல் கீப்பர். அவன் டீம் மட்டமான டீம்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் என்னாச்சு? ஊருல கீப்பருக்கு எதுவும் தட்டுப்பாடா?" என்று துபாய்த் தம்பி கேட்டான். பிறகு, "சரி, அக்கா லிஸ்ட்டு அடியில ஒருத்தன் கெடந்தான், அவன நான் எடுத்துக்குறேன்" என்று நெட்டையின் பெயரைச் சொன்னான். அண்ணன் படக்கென்று திரும்பித் திரையைப் பார்த்தான். மற்ற சுற்றுகளில் யார் யாரை எடுத்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை.

கூட்டம் கலைந்த கையோடு ஃபோன் அடித்தது. பொங்கலுக்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை.

"உனக்கு அறிவிருக்கா பாப்பா? அவன எதுக்கு விட்ட?"

"நீ எதுக்கு விட்ட?"

"உனக்குன்னுதான் விட்டேன். தெரியல?"

"தெரிஞ்சிதான் எடுக்கல."

"என்ன பேச்சு இது? கண்ணு முன்னாடி அந்தத் துபாய்க்காரன் அள்ளிக்கிட்டுப் போறான்."

"போவட்டும்ண்ணே. நீ எடுத்திருந்தா நான் ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டேன். உன் முறை, உன் ஆளு. நீ பாவம் பாத்து ஒதுக்கி வச்சத நான் எடுத்துக்க மாட்டேன். எனக்கு சீரு வேண்டாம்."

சொன்ன பிறகுதான் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று இரண்டு பேருக்கும் உறைத்தது. அந்தப் பக்கம் பம்புசெட் ஓடுவது மட்டும் கேட்டது. வைத்துவிடப் போகிறான் என்று நினைத்தேன். காதில் ஃபோனை அழுத்தியபடி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். எப்படியாவது பேசு, திட்டவாவது செய் என்று மனசு அடித்துக்கொண்டது.

"நான் செஞ்சதெல்லாம் உனக்கு பாவம் பாத்து செஞ்சதாத் தெரியுதா?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"இல்ல. ஆசையாதான் செஞ்ச. ஆனா எனக்கும் ஒண்ணு இருக்குன்னு நீ ஒரு நாளும் சொல்லலயே."

மறுபடி பம்புசெட்.

"வாய்க்கா ஓரத்த மட்டும் விட மாட்டேன், சொல்லிட்டேன்" என்றான். கோபமாகத்தான் சொன்னான். "தண்ணி மொதல்ல ஏறுற எடம். அத நீ கேட்டா நான் சண்டைக்குத்தான் வருவேன்."

அப்பாவின் நிலத்தில் எந்தப் பக்கத்தை எனக்குத் தர மாட்டேன் என்று என் அண்ணன் என்னிடம் அடம்பிடிக்கிறான். கண் பொங்கிவிட்டது. அது அவனுக்குத் தெரியக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அப்ப எனக்கு எந்தப் பக்கம்?" என்றேன் கடைசியில்.

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ கேளு. நான் முடியாதுங்குறேன். அப்புறம் பாப்போம்."

"வாய்க்கா ஓரம்தாண்ணே வேணும்" என்றேன்.

"முடியாது" என்றான்.